வீட்டில் பாட்டுப் பதிவு: தம்புராவை இழக்காமல் இரைச்சலைக் குறைப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், பொள்ளாச்சிச் சாலையோர வீட்டின் மாடியறையில் பாட்டும் வீணையும் பதிவு செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவில் எப்போதும் ‘உம்ம்’ என்று அடியில் ஓர் ஒலியும் ‘ஸ்ஸ்’ என்று மேலே ஒரு சீறலும் இருப்பதாகவும், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டால் இரைச்சலோடு தம்புராவும் மங்கிப்போய், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுவதாகவும் சொல்கிறீர்கள். உங்கள் சுருதி ஐந்து கட்டை. மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு கொண்ட சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் குரலுக்கு ஒரு கண்டென்சர் மைக்கையும், வீணைக்குக் குடத்தின் பலகையில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கையும் இணைத்திருக்கிறீர்கள். இன்னும் விலை கூடிய மைக் வாங்கினால் இது தீருமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. நானும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தவன்; அதே கணவாய்க் காற்றையும் அதே லாரிச் சாலையையும் வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாக வீட்டிலேயே பதிவு செய்துவருபவன். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மென்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. பாட்டு இல்லாத சில நொடிகளை நீங்கள் மாதிரியாகக் காட்டுகிறீர்கள். அந்த நொடிகளில் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று மென்பொருள் குறித்துக்கொள்கிறது. பிறகு முழுப் பதிவிலும் அந்தந்த அதிர்வெண்ணில் அந்த அளவைத் தாண்டாத ஒலியையெல்லாம் தணித்துவிடுகிறது. 1979ஆம் ஆண்டில் ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் பேச்சொலியைத் தெளிவாக்குவதற்காக வெளியிட்ட கழித்தல் முறை இந்த வகைக் கருவிகளுக்கு முன்னோடி. பேச்சுக்கு அந்த எண்ணம் நன்றாகவே பொருந்துகிறது: சொற்கள் நொடிக்கு நொடி மாறும், மின்விசிறியின் ஒலி மாறாது, ஆகவே மாறாதது எதுவோ அதுவே இரைச்சல். ஆனால் நம் இசையில் மாறாமல் நிற்க வேண்டியது சுருதி. மாதிரியாகக் கொடுத்த நொடிகளில் தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தால், அதுதான் இரைச்சல் என்று நீங்களே மென்பொருளுக்குக் காட்டிக்கொடுத்தவர் ஆகிறீர்கள். தம்புரா இல்லாத நொடிகளைக் கொடுத்தாலும் முழுத் தப்பிப்பு இல்லை. தம்புராவின் தந்திகளுக்கு அடியில் செருகும் ஜீவா நூல் தரும் அந்த மினுமினுப்பு, அடிப்படைச் சுரத்துக்கு வெகு மேலே மிக மெலிதாக எழும் ஒலிகளால் ஆனது. அவை மைக்கின் சீறலுக்குச் சமமான உயரத்தில் கிடப்பதால் முதலில் அடிபடுபவை அவையே. வீணையில் ஒரு கமகம் ஓய்ந்து அடங்கும் வால் பகுதிக்கும் இதே கதிதான்.

ஆகவே நம்முடைய இசைக்கு இரைச்சலைப் பதிவுக்குப் பின் நீக்குவதைவிட, பதிவுக்குள் வராமல் தடுப்பதே வழி. நான் கண்டவரை, நூற்றில் எண்பது பங்கு வேலை சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒலிநாடாக் காலத்தில் சீறலை அடக்கப் பெயர்பெற்ற ரே டால்பி, 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப ஆலோசகராக நம் நாட்டில் இருந்தவர். 1965இல் லண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முறையும் பதிவாகும்போதே மெல்லிய ஒலிகளை உயர்த்தி நாடாவில் ஏற்றிவிட்டு, கேட்கும்போது திரும்ப இறக்குவதுதான். பதிவாகிவிட்ட நாடாவை எடுத்து வைத்துக்கொண்டு கழுவும் வேலை அன்று.

தடுப்பதென்றால் எதைத் தடுப்பது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு மௌனப் பதிவு செய்யுங்கள். மைக்கையும் வீணையையும் வழக்கமான இடத்தில் வைத்து, கெயினை, அதாவது இன்டர்ஃபேஸ் ஒலியைப் பெருக்கும் அளவை, வழக்கமான இடத்தில் நிறுத்தி, நீங்கள் அறையை விட்டு வெளியேறிவிட்டு, இரண்டு நிமிடம் வெறுமையைப் பதிவு செய்யுங்கள். பிறகு அதை இருபது டெசிபல் உயர்த்தி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடுத்து மைக்கின் கேபிளை இன்டர்ஃபேஸிலிருந்து கழற்றிவிட்டு, அதே கெயினில் இன்னொரு பதிவு. கேபிளைக் கழற்றிய பிறகும் இருக்கும் ஒலி இன்டர்ஃபேஸுக்குள்ளோ கணினியிலிருந்தோ வருகிறது. கழற்றியதும் மறைந்த ஒலி அறையிலிருந்தோ மைக்கிலிருந்தோ கேபிளிலிருந்தோ வந்தது. இந்த ஒரு பிரிவினையே பாதித் தடுமாற்றத்தைத் தீர்த்துவிடும். பிறகு கேபிளை மறுபடி செருகி, வீட்டில் ஓடும் ஒவ்வொன்றையும் வரிசையாக அணைத்து, அணைக்கும்போது இன்னது என்று வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள்: மின்விசிறி, குழல்விளக்கு, கீழ்த்தளத்துக் குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர், மடிக்கணினியின் சார்ஜர், கைப்பேசி, வைஃபை பெட்டி. எதை அணைத்தபோது எந்த ஒலி போயிற்று என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டுப் பாட்டில் மூழ்கி, மாலையில் பால் திரிந்த பிறகு நினைவுக்கு வருவது எல்லா வீட்டிலும் நடப்பது. வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது அதைத் திறந்தே ஆகவேண்டும்.

இனி உங்கள் ‘உம்ம்’ ஒலிக்கு வருகிறேன். ஐந்து கட்டையில் பாடும் ஒருவருக்கு இது வெறும் தொந்தரவு மட்டுமல்ல, சுருதிக் குற்றம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதிலிருந்து கசியும் ஒலி 50இலும், அதன் மடங்குகளான 100, 150, 200, 250, 300 ஹெர்ட்ஸிலும் வரும். குழல்விளக்கின் சோக்கும் மின்மாற்றிகளும் குறிப்பாக 100இல் முனகும். இப்போது உங்கள் சுருதியைப் பாருங்கள். ஐந்து கட்டை ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜமும், உங்கள் சுருதிக்குக் கூட்டிய வீணையின் மந்தரத் தந்தியும் 98. பஞ்சமம் 294. மின்சாரத்தின் 100, 200, 300 ஆகிய மூன்றும் உங்களுடைய 98, 196, 294 என்ற மூன்றுக்கும் ஒட்டி, ஒரே விகிதத்தில் சற்றே ஏறி நிற்கின்றன. அதாவது அரைக்கட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்றிக் கூட்டிய இன்னொரு தம்புரா உங்கள் பின்னால் அமர்ந்து மீட்டிக்கொண்டிருக்கிறது. மந்தர ஷட்ஜத்தில் நொடிக்கு இரண்டு தடவையும், ஷட்ஜத்தில் நொடிக்கு நான்கு தடவையும் ஒரு தள்ளாட்டம் கேட்கும். பதிவில் தம்புரா சேராததுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தம்புராவைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்தத் தள்ளாட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ், மின்சாரத்தின் 100உம் 150உம் அதிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால் அவருக்கு ஷட்ஜத்தில் இந்த இடைஞ்சல் இவ்வளவு தெரியாது.

இதே காரணத்தால், 200 ஹெர்ட்ஸில் மட்டும் ஒலியைக் குறைக்கும் ஒரு வெட்டுப் போட்டுவிடுங்கள் என்ற வழக்கமான அறிவுரை உங்களுக்கு ஆபத்தானது. அகலமான வெட்டு உங்கள் ஷட்ஜத்தையே குடைந்துவிடும். போடத்தான் வேண்டுமென்றால், வெட்டு எவ்வளவு குறுகலானது என்பதைக் குறிக்கும் க்யூ மதிப்பை அறுபதுக்குக் குறையாமல் வைத்தால், வெட்டின் அகலம் மூன்றரை ஹெர்ட்ஸுக்குள் அடங்கி 196ஐத் தொடாமல் நிற்கும். ஆயினும் ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு நீங்கள் இழுத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் குரல் அந்தப் பள்ளத்தைக் கடந்தே போகவேண்டியிருக்கும். ஆகவே ஹம் எனப்படும் இந்த ‘உம்ம்’ ஒலியை ஊற்றிலேயே அடைப்பதுதான் சரி.

உங்கள் அமைப்பில் முதல் சந்தேகம் வீணையின் கான்டாக்ட் மைக்கின்மேல்தான். அது அழுத்த மின்சாரத்தால் வேலை செய்யும் பீசோ வகை. அதற்கு ஒரு மெகா ஓம் அளவுள்ள உள்ளீடு வேண்டும். சாதாரண மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி மெலிந்து, தகரம்போல் ஆகி, அதை ஈடுகட்டக் கெயினைக் கூட்டும்போது ஹம்மும் கூடிவிடும். இன்டர்ஃபேஸில் கிட்டார் படமோ ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்ற பொத்தானோ இருந்தால் அதை அழுத்துங்கள். கேபிள் மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம். உள்ளே வலைக்கவசம் உள்ள கேபிளாக இருக்கட்டும். மின்கேபிளோடு ஒட்டி ஓடவிடாமல், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிடுங்கள். செருகியின் உலோகப் பகுதியைக் கையால் தொட்டதும் ஹம் தணிகிறது என்றால், சிக்கல் எர்த்திலோ கவசத்திலோ இருக்கிறது என்று பொருள். அடுத்த சந்தேகம் மடிக்கணினியின் சார்ஜர். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பல வீடுகளில் ஹம் அந்தக் கணமே நின்றுவிடுகிறது. நின்றால் அத்தோடு விடுங்கள். ஒரு பாட்டுக்கு பேட்டரி தாராளமாகப் போதும். கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட எர்த் வழிகள் சேர்ந்து ஹம்மைத் தரும் எர்த் வட்டம் உண்டாவதைத் தடுக்கும்.

இங்கே ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஹம் போகவேண்டும் என்பதற்காக மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை வெட்டிவிடுவதையும், அதில் டேப் சுற்றிச் செருகுவதையும் சிலர் கைவைத்தியமாகச் சொல்வார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். எர்த் முனை உயிரைக் காப்பதற்காக இருப்பது; மைக்கை உதட்டருகே வைத்துக்கொண்டு, தந்திகளில் விரல்களை வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு அது இல்லாமல் போவது பேராபத்து. எர்த் சரியில்லை என்று தோன்றினால் எலக்ட்ரீஷியனை அழைத்து, குழியில் தண்ணீர் இருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் நம் பக்கத்து மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்துபோவது வழக்கம்.

கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் பதிவு செய்வதையும் கைவிடுங்கள். பழைய இன்வெர்ட்டர்கள் பல சதுர வடிவ அலையைத் தருகின்றன. அதில் 50 ஹெர்ட்ஸின் மேல்மடங்குகள் ஏராளமாக இருப்பதால், ‘உம்ம்’ என்பது ‘ஜ்ஜ்ர்ர்’ என்று கரகரப்பாக மாறி, பாட்டின் நடுப்பகுதி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் பாதி வேகத்தில் ஓடும் மின்விசிறியும் இதே கரகரப்பைக் கம்பி வழியாக அனுப்பும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். பழைய இரண்டாம் தலைமுறை அலைவரிசையில் அது பேசும்போது உண்டாகும் ‘டிட்டிட்’ ஒலி 217 ஹெர்ட்ஸில் துடிப்பது, ஒருமுறை பதிவாகிவிட்டால் எடுப்பது மிகக் கடினம். மெல்லிய ஒரே சீரான சீழ்க்கை 1000 ஹெர்ட்ஸிலோ 8000 ஹெர்ட்ஸிலோ கேட்டால் அது யூஎஸ்பி இணைப்பின் ஒலி. வேறு யூஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.

அடுத்து அறை. நீங்கள் மாடியறையைத் தேர்ந்தது கீழே வீட்டார் நடமாட்டம் இருப்பதால் என்று நினைக்கிறேன். ஆனால் மேலே தகரக் கூரை, இரண்டு பக்கம் சன்னல், ஒரு பக்கம் சாலை. ஆனி, ஆடியில் கணவாயிலிருந்து வரும் காற்று கரும்பனை ஓலைகளைச் சலசலக்க வைப்பதோடு நிற்பதில்லை; சன்னல் கண்ணாடியையும் கூரைத் தகட்டையும் தள்ளித் தள்ளி, காதுக்குச் சரியாகத் தெரியாத அடித்தட்டு உறுமலை அறைக்குள் உண்டாக்கும். மைக் அதைத் தவறாமல் பிடிக்கும். என் கருத்தில் உங்கள் வீட்டில் மிகச் சிறந்த இடம், கீழ்த்தளத்தின் நடுவில், வெளிச்சுவர் இல்லாத, பழைய பத்தாயமோ துணி அலமாரியோ இருக்கும் உள்ளறைதான். வீட்டார் ஒரு மணி நேரம் அடங்கியிருக்க ஒப்புக்கொள்வார்கள், காற்று ஒப்புக்கொள்ளாது.

மாடியை விடமுடியாது என்றால், சுவரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் சந்துகளைப் பாருங்கள். ஒரு சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்தச் சுவரால் இருபது டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவின் அடியில் விரல் நுழையும் சந்து, சன்னல் சட்டங்கள் சேராத இடம், வயர் நுழையும் துளை ஆகியவைதான் உங்கள் லாரி உள்ளே வரும் வழிகள். கதவின் அடியில் சுருட்டிய பழைய வேட்டி, சன்னல் சட்டத்தில் ரப்பர் பீடிங், துளைகளில் புட்டி: இருநூறு முந்நூறு ரூபாயில் முடியும் இந்த வேலை, ஆயிரக்கணக்கில் வாங்கிச் சுவரில் ஒட்டும் நுரைப்பஞ்சைவிட அதிகம் தடுக்கும். நுரைப்பஞ்சும் முட்டைத் தட்டும் வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பதே இல்லை. கனமான பொருள்தான் ஒலியைத் தடுக்கும். கனத்தை இரட்டித்தால் ஏறத்தாழ ஆறு டெசிபல் கூடுதலாகத் தடுக்கலாம். நுரைப்பஞ்சுக்குக் கனமே கிடையாது. அறைக்குள் எழும் எதிரொலியின் மேல்பகுதியை மட்டும் அது குடிக்கும். அந்த வேலைக்கும் அதைவிட உங்கள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைகள் நல்லவை. இரண்டு மெத்தைகளை நீங்கள் அமரும் இடத்துக்குப் பின்னால் சுவரில் சாய்த்து, தரையில் ஒரு கனத்த ஜமக்காளத்தை நான்காக மடித்து விரித்துவிட்டாலே அறை பேச்சடங்கிப்போவது தெரியும். மைக் ஸ்டாண்டை நேரே தரையில் நிறுத்தாமல் மடித்த துண்டின்மேல் நிறுத்துங்கள். கீழே யாராவது நடந்தாலும் கதவைச் சாத்தினாலும் அதிர்வு ஸ்டாண்டு வழியாக ஏறும்.

மின்விசிறியை நிறுத்தாமல் எந்த உபாயமும் பயனில்லை. மேட மாத (சித்திரை) வெயிலில் அது எளிதன்று என்பதை அறிவேன். அரை மணி நேரம் முன்பே அறையைக் குளிரவைத்து, விசிறியை நிறுத்தி, ஒரு கீர்த்தனத்தை மட்டும் பதிவு செய்து, மறுபடி விசிறியைப் போட்டு இளைப்பாறி, அடுத்ததற்கு வாருங்கள். வளையலையும் கொலுசையும் கழற்றிவிடுங்கள். சரசரக்கும் பட்டு வேண்டாம், பருத்தி உடுத்துங்கள்.

நேரம் பற்றி நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. விடியற்காலை அமைதியானது என்று எல்லோரும் சொல்வார்கள். நம் பக்கத்தில் நாலரை மணிக்கே கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் ஒலிபெருக்கி எழும்; தென்னந்தோப்புகளில் போர் மோட்டார் ஓடத் தொடங்கும்; ஐந்தரைக்கு மேல் மயில்கள் அகவும். மயில் அகவலை மென்பொருளால் சுத்தமாகப் பிரிப்பது மிகக் கடினம். அது பாடும் குரலின் அதே பரப்பில், அதே வலிமையோடு வருகிறது. மழைக்காலம் அல்லாத மாதங்களில் இரவு பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் எனக்கு வாய்த்த நேரம். மழைக்காலத்தில் தவளைகள் இருப்பதால் அப்போது பிற்பகல் இரண்டு மணி. ஒரு வாரம் மௌனப் பதிவுகள் செய்து உங்கள் வீட்டுக்கான நேரத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது: மைக்குக்கு அருகில் வாருங்கள். மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரம் பாதியாகும்போதெல்லாம் குரல் ஆறு டெசிபல் உயர்கிறது; அறையின் இரைச்சலோ அப்படியே நிற்கிறது. அறுபது சென்டிமீட்டரில் அமர்ந்து பாடுபவர் பதினைந்துக்கு வந்தால் பன்னிரண்டு டெசிபல் லாபம். மென்பொருளால் சேதமில்லாமல் இவ்வளவு தரமுடியாது. அருகில் வந்தால் குரலின் அடிப்பகுதி சற்றுப் பருக்கும். ‘ப’, ‘த’ போன்ற எழுத்துகளில் காற்று அடிக்கும். வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், நெற்றி உயரத்திலிருந்து கீழ்நோக்கி வைத்தால் காற்று தப்பிவிடும். கார்டியாய்டு வகை மைக் தனக்கு நேர் பின்னாலிருந்து வருவதை மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே மைக்கின் முதுகு சாலைப் பக்கச் சன்னலைப் பார்க்கட்டும். அப்போது நீங்கள் சன்னலை நோக்கி அமர்ந்திருப்பீர்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் மெத்தைகள் இருக்கும். வீணைக்குக் கான்டாக்ட் மைக்கின் ஒலியே எனக்கு உவப்பில்லை. அது மெட்டில் விரல் படும் சத்தத்தைப் பெரிதாக்கி, குடத்தின் காற்றொலியை விட்டுவிடுகிறது. அறை அடங்கிய பிறகு, குடத்தின் பலகைக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் மேலே ஒரு சாதாரண மைக்கை வைத்துப் பாருங்கள்.

‘ஸ்ஸ்’ என்ற சீறலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்னபடி அருகில் வந்துவிட்டால் கெயினைக் குறைக்கலாம். கெயின் குறைந்தால் சீறல் தானே குறையும். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். மிக உரத்த இடம், மென்பொருள் காட்டும் உச்ச எல்லையான பூஜ்யத்துக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நின்றால் போதும். மெல்லிய அளவில் பதிவு செய்துவிட்டுப் பிறகு உயர்த்தினால் சீறலும் சேர்ந்து உயரும், எல்லையை முட்டும்படி பதிவு செய்தால் மேல் ஸ்தாயியில் குரல் உடையும். இரண்டுக்கும் நடுவிலான இந்த அளவே பாதுகாப்பு.

இப்போது தம்புரா. என் பரிந்துரை, அதைத் தனித் தடத்தில் பதிவு செய்யவேண்டும் என்பது. முதலில் தம்புராவை மட்டும், மைக்கை அருகில் வைத்து, ஐந்து நிமிடம் சீராக மீட்டிப் பதிவு செய்யுங்கள். எலெக்ட்ரானிக் தம்புராவோ செயலியோ என்றால் கேபிள் வழியாக நேரே எடுங்கள், அதில் அறை இரைச்சலே வராது. பிறகு அதைக் காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடுங்கள். ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்துவைத்தால் உங்கள் குரலும் இயல்பாகக் கேட்கும்; திறந்த பக்கத்தின் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தம்புரா கசிந்து குரல் தடத்தில் ஏறும். இப்படிச் செய்தால் குரல் தடத்தில் மாறாமல் நிற்பது இரைச்சல் மட்டுமே. மென்பொருளின் எண்ணம் அப்போது உண்மையாகிவிடுகிறது. அது குரல் தடத்தைத் துடைக்கலாம், தம்புராவைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பாடகருக்குப் பின்னால் உண்மையான தம்புரா அதிர்வதில் இருக்கும் இன்பம் இதில் இல்லை என்பது மெய்தான். ஆலாபனைக்கு நான் இன்றும் பக்கத்தில் தம்புராவை வைத்தே பதிவு செய்கிறேன். அப்போது மென்பொருளை அறவே தொடுவதில்லை, மிஞ்சிய இரைச்சலோடு விட்டுவிடுகிறேன். தம்புராவின் கீழே மெலிதாக ஓடும் காற்றொலியைக் கேட்பவர் காது சில நொடிகளில் மறந்துவிடும். உயிர் போன தம்புராவை மறக்காது.

மென்பொருளைப் பயன்படுத்தும்போது முதலில் அடித்தட்டு உறுமலை வடிகட்டுங்கள். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் வீணையின் அனுமந்தரப் பஞ்சமம் 73.5 ஹெர்ட்ஸில் இருப்பதால், வீணைத் தடத்தில் வடிகட்டியை 60க்கு மேலே ஏற்றாதீர்கள். பிறகு ஆடாசிட்டியின் இரைச்சல் குறைப்பில், டெசிபல் அளவைக் கூட்டாமல் 6 என்று வையுங்கள். அந்தச் சன்னலிலேயே ‘ரெசிட்யூ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்தினால் மென்பொருள் எதையெல்லாம் வெளியே எறியப் போகிறது என்பதைக் கேட்கலாம். அந்தக் குப்பையில் சீறல் மட்டும் கேட்டால் துணிந்து செய்யுங்கள். உங்கள் குரலின் நிழலோ கமகத்தின் வாலோ அதில் கேட்டால், அளவைக் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஒலி ஒரு அளவுக்குக் கீழே போனதும் மொத்தமாக அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டை நம் இசைக்குப் பயன்படுத்தாதீர்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் கதவைத் திறந்து மூடுவதுபோல் கேட்கும். பேச்சைத் தெளிவாக்கவென்று பழக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் அப்படியே; அவை அறிந்தது மனிதப் பேச்சு, தம்புராவை அவை விசிறி என்றே எடுத்துக்கொள்கின்றன. கைப்பேசியின் குரல் பதிவுச் செயலிகள் பலவற்றில் இந்த வேலை நம்மைக் கேளாமலே நடப்பதால், அவற்றில் பாட்டைப் பதிவு செய்வதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

என்ன செய்தாலும் மூலப் பதிவை அழிக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார், தம் சிறுவயதில் கற்ற பாடல்களை என் வேண்டுகோளுக்கு இணங்கித் தம்புராவோடு பாடிக்கொடுத்தார். நான் அப்போது இரைச்சல் குறைப்பை 24 டெசிபலில் போட்டு, சீறல் முழுவதும் போய்விட்ட மகிழ்ச்சியில், அந்தக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். கணினியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்டதால் பிழை தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து நல்ல ஹெட்ஃபோனில் கேட்டபோது, தம்புரா விட்டு விட்டு ஒலித்தது. அவருடைய குரலின் நடுக்கம், அந்த வயதுக்கே உரிய மூச்சு எல்லாம் வழிக்கப்பட்டு, யாரோ கண்ணாடிக் குமிழ்களை உருட்டுவதுபோல் ஒரு சத்தம் நிறைந்திருந்தது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்தச் சீறலை இன்று திரும்பக் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வேன். மூலக் கோப்பை வாவ் வடிவில், தேதியைப் பெயராக இட்டு, இரண்டு இடங்களில் வையுங்கள். துடைக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக, விலை கூடிய மைக். மைக்குக்கு உள்ளேயே எழும் சீறலுக்கு ஒரு எண் உண்டு. எடுத்துக்காட்டாக ரோட் என்டி1ஏ மைக்குக்கு அது 5 டெசிபல்தான். இரவில் ஓர் அமைதியான அறையே 25, 30 டெசிபல் இருக்கும். உங்கள் மாடியறை காற்றடிக்கும் நாளில் அதற்கும் மேலே. ஆகவே இப்போதுள்ள மைக்கின் சொந்தச் சீறல் உங்கள் பதிவை ஆளவில்லை, அறைதான் ஆள்கிறது. இன்னும் நுட்பமான மைக் வாங்கினால் மயிலையும் லாரியையும் இன்னும் நுட்பமாகப் பதிவு செய்யும். மேடைகளில் காணும் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் சுற்றொலியைக் குறைவாகப் பிடிக்கும் என்பார்கள். அதை உதட்டருகே பிடித்துப் பாடுவதால்தான் அப்படி. அதையும் அறுபது சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அறை முழுவதும் வரும், போதாததற்குக் கெயின் கூட்டியதால் சீறலும் வரும். அந்தப் பணத்தில் முதலில் எர்த்தைச் சரிபாருங்கள், சன்னலுக்கு ரப்பர் பீடிங் போடுங்கள், காதை நன்றாக மூடும் ஒரு ஹெட்ஃபோன் வாங்குங்கள். அதற்குப் பிறகும் மௌனப் பதிவில் சீறல் மட்டும் தனியாக மிஞ்சி நின்றால், அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்கள். எந்த மைக் என்று அப்போது பேசலாம்.